விடுபட்ட சனிக்கிழமைகள்

செத்த மீன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நாரை அலுவலகத்துக்குள் வந்தபோது, சுவரிலிருந்த பெரிய திரையில் ஆற்றுநீரை அளக்கும் ஐந்து பெட்டிகளும் பச்சையாகத்தான் இருந்தன. ஆற்றில் இறங்கி அந்தப் பெட்டிகளைச் சுத்தம் செய்வது அவர் வேலை. காலும் கழுத்தும் நீளம், பாதி நாள் தண்ணீரில் நிற்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே போனில் "நாரை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"மேடம், நாலாம் பெட்டிப் பக்கம் கரையெல்லாம் இதுதான். உங்க திரை என்ன சொல்லுது?"

"ஆறு புள்ளி ரெண்டு. நல்லாத்தானே இருக்கு."

"அது மீனுக்குத் தெரியலை போல," என்றார் நாரை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றுநீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பெட்டிகள் கால்மணிக்கு ஒருமுறை அளந்து அனுப்பும். அதை வாங்கிச் சரிபார்த்து, ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடும் மென்பொருளை எழுதியவள் அவள்.

"பெட்டி கெட்டுப்போயிருக்குமோ?"

"நேத்துதான் துடைச்சு வச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

திரைக்கு வருவதற்கு முன்னால், பெட்டி அனுப்பியது அனுப்பியபடியே இருக்கும் எண்களைத் திறந்தாள். இன்று, சனிக்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்கு ஆறு புள்ளி இரண்டு. அடுத்த கால்மணியில் ஒன்று புள்ளி நான்கு. மூன்று மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறது. போன சனிக்கிழமையும் அதே நேரத்தில் ஒரு சரிவு, அதற்கு முந்தியதிலும். பின்னால் போகப் போக வந்துகொண்டே இருந்தது. முப்பத்தோரு சனிக்கிழமைகள். ஒன்றுகூடத் திரைக்கு வரவில்லை.

ஏன் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பெட்டிகளில் பாசி பிடித்து எண்கள் திடீர் திடீரென்று விழும், அபாயமணி அலறும், அலுவலகப் பொறியாளர் அடித்துப் பிடித்து ஓடிப் பார்த்தால் ஆற்றில் ஒன்றும் இருக்காது. "இந்தச் சனியனை ஒரு வழி பண்ணும்மா," என்று அவர் தலையில் அடித்துக்கொண்ட பிறகு அவள் ஏழு வரி எழுதினாள். எண் சட்டென்று பாதிக்கும் கீழே விழுந்தால் அது பெட்டியின் கோளாறு. தள்ளிவிட்டுப் பழைய எண்ணையே காட்டு. மணி ஓய்ந்தது. அவளுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அந்த ஏழு வரிகள்தான் முப்பத்தோரு சரிவுகளையும் கோளாறு என்று தள்ளிவிட்டிருந்தன. இத்தனை நாளும் ஆறு எப்படியோ சமாளித்து வந்திருக்கிறது. இந்த ஆண்டு மழை பொய்த்து, வெயில் கொளுத்தி, தண்ணீர் பாதியாகிவிட்டது. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் தங்காது. அதற்குமேல் அதனால் முடியவில்லை.

நாலாம் பெட்டிக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருப்பது ஒரே ஓர் ஆலை, காகித ஆலை. அங்கே இரவு ஷிப்டின் மேற்பார்வையாளர் அவளுடைய அண்ணன்.

மத்தியானம் அவள் அண்ணன் வீட்டில் போய் நின்றபோது அவன் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

"அண்ணே, சனிக்கிழமை விடியக்காலையில எதைத் திறந்து விடுறீங்க?"

அவன் முகத்தைத் துடைத்த துண்டை மெல்ல மடித்தான். "கழிவுத் தொட்டி நிறைஞ்சிடுது. சுத்தம் பண்ற மிஷின் ஓடுற நாளை விட ஓடாத நாள்தான் அதிகம். மேனேஜர் திறன்னா திறக்கணும். நானா முதலாளி?"

"மீனெல்லாம் செத்து மிதக்குது."

"சும்மா சொல்லாதே." போனை எடுத்து அவள் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினான். "ஒவ்வொரு தடவையும் வால்வைத் திறந்துட்டு, அங்கேயே நின்னு இதைத்தான் பார்ப்பேன். சிவப்பாச்சுன்னா உடனே மூடிடணும்னு. ஒரு நாள்கூட ஆகலை. என் தங்கச்சி பண்ணது, தப்பாக் காட்டாதுன்னு அங்க இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே, பாப்பா."

வழியெல்லாம் அவள் சேர்த்துக்கொண்டு வந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. 

"அது தப்பாத்தான் காட்டிச்சு அண்ணே. நான் எழுதினதுதான் காரணம். எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கப்போறேன். என் தப்பைத்தான் முதல்ல எழுதுவேன்."

அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எழுதினா இவர் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா? பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாப் போகுது."

"பெட்டி கெடலை, அண்ணி."

அண்ணன் போன் திரையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பொறியாளரும் அண்ணி சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். அவள் கேட்கவில்லை. அந்த ஏழு வரிகளை நீக்கினாள். முப்பத்தோரு சனிக்கிழமைகளையும் உள்ளது உள்ளபடி பக்கத்தில் ஏற்றினாள். தன் தவறிலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பினாள்.

ஆலைக்குப் பூட்டு விழுந்தது. விசாரணையில் மேனேஜர் தனக்கு எதுவும் தெரியாது என்று சாதித்தார். அண்ணன் எழுந்து நின்று, யார் சொல்லித் திறந்தேன், எத்தனை மணிக்குத் திறந்தேன், எவ்வளவு நேரம் விட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னான். அவன் சொன்ன நேரங்கள் அவளுடைய எண்களோடு ஒரு கால்மணிகூடப் பிசகாமல் பொருந்தின. வெளியே வருகையில் அவளைத் தாண்டித்தான் போனான், நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதுச் சுத்திகரிப்பு மிஷினோடு ஆலை திறந்தது. மேனேஜருக்கும் அண்ணனுக்கும் அங்கே இடமில்லை. அவளை மென்பொருள் பக்கமே வராதபடி வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நாலாம் பெட்டிப் பக்கம் குஞ்சு மீன் ஒன்றிரண்டு தென்படுவதாக நாரை சொன்னார். உறுதியாகச் சொல்லமுடியாது என்றும் சொன்னார்.

அம்மாவைப் பார்க்க அவள் இப்போது புதன்கிழமை போகிறாள், அண்ணன் ஞாயிற்றுக்கிழமை. முன்பெல்லாம் சேர்ந்து வருவீர்களே என்று அம்மா கேட்டால் அண்ணனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்கிறாள். அண்ணனும் அதையேதான் சொல்லியிருக்கிறான் என்று அம்மாவின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டாள்.