முப்பத்தொன்றாம் எண்ணின் வருகை

இதில் பாதியை நான் தவறாக நினைவில் வைத்திருக்கலாம். அந்த வகுப்பறையின் சுவர் பச்சையா நீலமா என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வேன். ஆனால் நிலவியல் துறையின் பழைய வகுப்பறையில் இறந்துபோன மாணவர்கள் வருகைப் பதிவுக்குப் பதில் சொன்னார்கள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை, பழைய மாணவர் சங்கம் கூடும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அந்த ஆண்டு போய்ச் சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்து முடித்ததும் அவர்களுடைய வகுப்பு எண் கூப்பிடப்படும். காலியாகக் கிடக்கும் ஏதாவதொரு பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். எழுபது வயதில் இறந்தவரானாலும் குரலுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும்.

இதை யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. சங்கச் செயலாளர் சிமென்ட் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்த காலத்தில் முன்வரிசையை விட்டு அசையாதவர் என்பதால் 'முதல் பெஞ்ச்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் நண்பர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தவருக்கு அதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. பேராசிரியர்கள் நின்ற அதே இடத்தில் நின்றதாலோ என்னவோ, வாய் தானாக அந்த நண்பரின் எண்ணைச் சொல்லிவிட்டது. இரண்டாம் வரிசையிலிருந்து பதில் வந்தது. கூட்டத்தில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். செயலாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த குறிப்பை எடுத்தார்.

குறிப்புகளை எழுத அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இறந்தவரின் வீட்டுக்குப் போய், முதல் வேலை எங்கே, கடைசி வேலை எங்கே என்று இரண்டு கேள்வி கேட்பார். பிறகு எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அந்த மௌனம் தாங்காமல் வீட்டார் ஏதாவது சொல்லிவிடுவார்கள்; அதைத்தான் எழுதுவார். ஊர் ஊராய்ப் போய் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க லாரித் தண்ணீர் வாங்கினார். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பெண்மணி, உறவினர் வீட்டு விருந்துக்குப் போனாலும் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். இன்னொருவர் படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் குளிர்சாதனப் பெட்டி விற்றார். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கும்போது தரையின் சரிவைப் பற்றி வாடிக்கையாளருக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினார். இப்படி வாசித்துவிட்டு எண்ணைக் கூப்பிடுவார். சுரங்க அதிகாரியின் குரலைக் கேட்ட மகள், "அம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணா இருக்காளே" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை தவறான செய்தியை நம்பி, வெளிநாட்டில் உயிரோடு இருந்த ஒருவரின் குறிப்பையும் வாசித்துவிட்டார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் பதில் வரவில்லை. விசிறிச் சத்தம்தான் கேட்டது. அடுத்த வாரம் தொலைபேசியில், "யோவ் முதல் பெஞ்ச், நான் செத்துட்டேன்னு எவன்யா உன்கிட்ட சொன்னான்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று அவரே கத்தினார். அதற்குப் பிறகு அந்த வகுப்பறையின் வார்த்தைக்கு மதிப்புக் கூடிவிட்டது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒருவர் கோப்போடு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனதுண்டு.

இந்த மதிப்பை நம்பித்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் செயலாளரின் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் செயலாளரின் வகுப்புத் தோழர், முப்பத்தொன்றாம் எண். எதையும் நிதானமாகச் செய்வதால் 'ஆமை' என்று பெயர். கடலடி மண்ணை ஆராயும் கப்பலில் வேலை பார்த்தவர், ஒரு துறைமுகத்தில் சிகரெட் வாங்க இறங்கினார், திரும்ப ஏறவில்லை. கப்பல் கம்பெனி தேடியது, காவல்துறை தேடியது, பிறகு எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. அம்மாள் மட்டும் கடையை நடத்திக்கொண்டு, கடைக்கு மேல் இருந்த இரண்டு அறைகளில் மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, அதே முகவரியில் இருந்தார். இப்போது மகள் வெளியூரில் நிறைமாதமாக இருந்தாள். கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று தினமும் தொலைபேசியில் அழுதாள்.

"நான் கிளம்பிப் போயிட்டா, அவர் வந்தா எந்தக் கதவைத் தட்டுவார்? நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கண்ணா. பதில் வந்துச்சுன்னா அழுதுட்டு மககிட்ட போயிடறேன். வரலைன்னா இங்கேயே இருக்கேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

செயலாளர் வழக்கம்போல் மௌனமாக உட்கார்ந்தார். அம்மாளும் மௌனமாக உட்கார்ந்தார். அவருடைய முறை பலிக்காத ஒரே வீடு அதுதான் என்று பிறகு சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பு சிறியதாகவே இருந்தது. கப்பலில் எடுத்த கடல்மண்ணைக் குப்பியில் போட்டு மகளுக்குக் கொண்டுவருவார் என்பதற்கு மேல் அம்மாள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. செயலாளர், "முப்பத்தொன்று" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அழுதார். மறுநாளே கடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

பாதி அலமாரி காலியானபோது நிறுத்திவிட்டார். மறுபாதி அப்படியே கிடந்தது. மகளுக்குப் பையன் பிறந்தான். பார்த்துவிட்டு வந்தார், திரும்பவும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பல மாதம் கழித்து ஒரு நாள் செயலாளரின் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, அது அவர் இல்ல."

"பத்தொன்பது வயசுக் குரல், தங்கச்சி. உனக்கு அவனை இருபத்தேழு வயசுலதானே தெரியும்? குரல் வேற மாதிரிதான் இருக்கும்."

"குரலை விடுங்க. அவ்வளவு சீக்கிரம் அவர் எதுக்குப் பதில் சொல்லியிருக்கார்? சாப்பிட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டா நாலாவதுக்கு 'ம்'னு வரும். கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டதுக்கு, சாயங்காலம் காபி குடிச்சிட்டுத்தான் 'சரி'ன்னார். கூப்பிட்ட உடனே பதில் சொல்ற மனுசன் எனக்குப் புருசனா வாய்ச்சதே இல்ல."

செயலாளர் வகுப்புத் தோழர்கள் சிலருக்குத் தொலைபேசியில் பேசினார். எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். ஆமை என்றைக்கடா காலை முதல் வகுப்புக்கு வந்தான், அவன் விடுதியில் போர்வைக்குள் கிடப்பான், அவனுக்கும் சேர்த்துக் கரடிதானே வருகை சொல்வான், நான்கு வருடமும் அப்படித்தானே, உனக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். செயலாளருக்குத் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்தவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கரடி என்பது முப்பதாம் எண். ஆமையின் அறைத் தோழர். உடம்பெல்லாம் ரோமம் என்பதால் வந்த பெயர் என்று பெண்களிடமும், ஓயாமல் கரடி விடுவதால் வந்தது என்று ஆண்களிடமும் சொல்வார்கள். சாலை போடும் கம்பெனியில் கல் பொறுக்கும் அதிகாரியாக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனவர். அவருடைய குறிப்பும் அதே அறையில் வாசிக்கப்பட்டு, அவரும் கணீரென்று பதில் சொல்லியிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் வழக்கத்தை மீறி இரண்டு பழைய எண்களைக் கூப்பிட்டார்கள். "முப்பது" என்றார் செயலாளர். மூன்றாம் வரிசையில், சன்னல் ஓரத்திலிருந்து பதில் வந்தது. "முப்பத்தொன்று." உடனே பதில் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது போல் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். செயலாளர் தாளைக் கீழே வைத்தார். பேராசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்.

"முப்பத்தொன்று, எழுந்து நில்."

சன்னல் ஓரப் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஆமை எப்போதாவது வந்தால் உட்காரும் இடம் வாசல் பக்கம். அந்தப் பெஞ்ச் அசையவில்லை. பிறகு காலிப் பெஞ்சுகள் முழுக்க, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு கிளம்பியது. நீர் கண்டவரும் பெட்டி விற்றவரும் சுரங்க அதிகாரியும் எல்லோருமே சிரித்தார்கள். செயலாளர் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி நின்றார். நான்கு வருடம் தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார். யார் மீதும் அவருக்குக் கோபம் வரவில்லை. அவர்களோடு ஒருநாளாவது பின்னால் போய் உட்கார்ந்திருக்கலாமே என்று மட்டும் தோன்றியது.

சிரிப்பு அடங்கியதும் அவர் அம்மாளைப் பார்த்து, "அப்போ அவன் உயிரோட இருக்கான், தங்கச்சி" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க? வகுப்புல இல்லை. அவ்வளவுதான் தெரியுது. உயிரோட இருந்தப்பவே வராதவர், செத்தா மட்டும் நேரத்துக்கு வந்துடுவாரா?"

அம்மாள் எழுந்து மூன்றாம் வரிசைக்குப் போனார். சன்னல் ஓரத்தில், ஆள் உட்கார்ந்திருந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துப் பேசினார்.

"கரடி அண்ணே, செத்தும் அவருக்கே வேலை பாக்குறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லையா? சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன? நானும் அதைத்தான் செஞ்சேன். பள்ளிக்கூடத்துல அப்பா எங்கேன்னு கேட்டா, கப்பல்ல இருக்கார்னேன். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, அடுத்த மாசம் வந்துடுவார்னேன். கடைக்கு வர்றவங்க கேக்கும்போதெல்லாம் மாடியில தூங்கறார்னு சொல்லியிருக்கேன். அவர் பேரைச் சொன்னா முந்திக்கிட்டு 'இருக்கார், இருக்கார்'னு நான்தான் சொல்லிட்டிருந்தேன். போதும்ணே. இனிமே நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லல. அவரைக் கூப்பிட்டா அவரே சொல்லட்டும்."

பிறகு செயலாளரின் இடத்துக்கு வந்து, அவரே கூப்பிட்டார். எண்ணைச் சொல்லவில்லை, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது போல், "என்னங்க" என்றார். மூன்று தடவை கூப்பிட்டார். நான்காவது தடவைக்கும் இடம் கொடுத்துக் காத்திருந்தார். இத்தனை நீண்ட மௌனத்தை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. சன்னல் ஓரப் பெஞ்சில் யாரோ பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டது போல் ஒரு மூச்சுச் சத்தம் வந்து நின்றுபோயிற்று.

"வரலைன்னு போட்டுக்குங்கண்ணா" என்று அம்மாள் சொன்னார். செயலாளர் போட்டார்.

மற்றவர்களுடைய பதில்களில் எத்தனை அவரவர் சொன்னவை என்ற கேள்வி அதன்பின் சங்கத்தில் எழுந்தது. ஒரு மாலை முழுவதும் விவாதித்து, அதைத் துருவ வேண்டாமென்று முடிவு செய்தார்கள். பெற்றோரின் குரலென்று கேட்டுவிட்டுப் போன பிள்ளைகளிடம் அதைத் திருப்பித் தா என்று கேட்க முடியாது. நண்பனுக்காக நண்பன் சொன்னதும் வருகைதான் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கண்ணாடிக் கடை அந்த மாதமே மூடப்பட்டது. இப்போது அங்கே செருப்புக் கடை இருக்கிறது. அம்மாள் மகளோடு பதினோரு வருடம் இருந்து, பேரனுக்குக் கண்ணாடி போட வேண்டுமென்று மருத்துவருக்கு முன்பே கண்டுபிடித்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தார். அவர் அந்தத் துறையில் படித்தவர் அல்ல. அவருக்கு எண் கிடையாது. செயலாளர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய எண்ணைக் கூப்பிட்டபோது பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது பெஞ்சுகளை மாற்றினார்கள், குரல்கள் மாறவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து பழைய எண்களையும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது; கரடி தன் எண்ணுக்கு மட்டும் பதில் சொல்கிறார். முப்பத்தொன்றை ஆண்டுதோறும் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று போட்டு, அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்கள்.