அண்ணி அசையாத இடம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே கொட்டிப்போகட்டும்.

வனவளக் கணக்கெடுப்பு வேலையில் அண்ணி சேர்ந்த வாரம் அது. ஜி.பி.எஸ். கற்றுக்கொடுக்க வாய்த்தவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் சின்னவள், அலுவலகத்தில் பெரியவள்; வாய் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு.

காட்டுச் சாலையை அகலப்படுத்த வெட்டவேண்டிய மரங்களை நாத்தனார் முந்தின நாளே கருவியில் குறித்திருந்தாள். ஓரத்துக் கிழட்டு மரமும் அதில் இருந்தது. ரம்பக்காரர் வந்து மோட்டார் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“இது எப்படிடி வெட்டுக்கோட்டுக்குள்ள வந்துச்சு? எங்க நின்னு குறிச்சே?”

“ரோட்டுல, ஜீப்புக்குள்ள உக்காந்துதான். என்னா வெயில் அண்ணி! கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்ன?”

“பொந்துல ஆந்தைக் குஞ்சு இருக்கு. அதுங்ககிட்ட போய்ச் சொல்லு, கொஞ்சம்தானேன்னு. மறுபடி நான் குறிக்கிறேன், பாரு.”

“பேட்டரி பாத்தீங்களா?”

“போடி, எனக்கே பாடமா!”

“மரத்தடியில சிக்னல் தாவும். ரொம்ப நேரம் ஆடாம நின்னாதான் சராசரி எடுத்துச் சரியான இடத்தைக் காட்டும். உங்களால முடியாது. வாயாவது அசையும்.”

அண்ணிக்குச் சுருக்கென்றது. மரத்தில் முதுகை ஒட்டி, கருவியைத் தலைக்குமேல் தூக்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நாத்தனார் எக்கித் திரையைப் பார்த்தாள். “அண்ணி, இப்ப ஆத்துக்குள்ள நிக்கிறீங்க.” சற்றுக் கழித்து, “இப்ப நம்ம சமையல்கட்டுல நிக்கிறீங்க. அப்படியே அடுப்பை அணைச்சிடுங்க.”

அண்ணி அசையவில்லை. ஒரு கொடி அவள் இடுப்புவரை ஏறி, பூத்து, காய்த்தது. மரங்கொத்தி ஒன்று தொப்பியில் நாலு கொத்துக் கொத்திப்பார்த்து, இதைவிடக் கட்டை வேறில்லை என்று பறந்துவிட்டது. ரம்பக்காரர் வந்து அவளைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார். அண்ணி ஒரு முறை முறைத்தாள். உறுமிக்கொண்டிருந்த ரம்பம் தானாக அணைந்தது.

பொழுது சாயும்போது புள்ளி நிலைத்தது. மரம் கோட்டுக்கு வெளியே, தெள்ளத்தெளிவாக. நாத்தனார் பழைய புள்ளியைத் தன் கையாலேயே அழித்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“ஊருக்கே சொல்லுவேன். இப்பதான் வாயைத் திறக்கலாமே!”

அந்த மரம் இன்றும் நிற்கிறது. குஞ்சுகள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டன.

இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, அந்தக் கருவியின் பேட்டரிகள் காலையில் அண்ணி போட்டபடியே சார்ஜரில் கிடந்தன.