இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

மைக்கை நீட்டியபோது ஆஸ்பத்திரி முற்றத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார். தலைநகரத்திலிருந்து வந்திருந்த தொலைக்காட்சிப் பெண்ணின் செருப்பு நனைந்துவிடக் கூடாதே என்று தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"மாநிலமே உங்க ஊரைப் பத்திதான் சார் பேசுது. ஆட்சியையே மாத்திட்டீங்க. ஏன் சார் மாத்திப் போட்டீங்க?"

அவள் சொன்னது உண்மைதான். தலைநகரமும் பெரிய நகரங்களும் அள்ளி அள்ளி ஆளுங்கட்சிக்குப் போட்டிருந்தன. சின்ன ஊர்களும் கிராமங்களும் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இரண்டு கட்சிகளும் சரிக்குச் சரியாக வந்து நின்றபோது, கடைசியாக எண்ணி முடித்த இந்தத் தொகுதி இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் எதிர்க்கட்சிக்குப் போனது. அதோடு ஆட்சியும் போனது. பேருந்துகூட ஒழுங்காக நிற்காத ஊரின் பெயர் மூன்று நாட்களாக டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் வந்து அவர் தோளில் கைபோட்டார். "இவரைக் கேளுங்க. இவரைவிட வேற யாரு சொல்லணும்?" வாட்ச்மேனும், துணி துவைக்கிற அம்மாவும், மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றவர்களும் சுற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவருடைய மகளின் கதை தெரியும்.

"பிரசவ வார்டுக்காகத்தான்," என்றார் டிரைவர். "நாலு வருஷமா பூட்டிக் கிடக்கு. இனிமே எந்தப் பிள்ளையும் ரோட்டுல பொறக்கக் கூடாதுன்னுதான் மாத்திப் போட்டோம்."

யாரோ கைதட்டினார்கள். துணி துவைக்கிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் பொய். 'போட்டோம்' என்றாரே, அதில் அவர் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மகளுக்கு வலி எடுத்தபோது வண்டியை ஓட்டியவர் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். பாதி வழியில் பின்னாலிருந்து மனைவி, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று கத்தினாள். பிறகு, "நிறுத்தாதீங்க, போங்க," என்றாள். எதைக் கேட்பது என்று புரியாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை பிழைக்கவில்லை. இப்போது மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். வார்டைத் திறப்போம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் தெருத்தெருவாகச் சத்தியம் செய்தபோது, யாருக்குப் போடுவது என்ற பேச்சே அவர் வீட்டில் எழவில்லை.

ஆனால் தலைநகரத்தில் ஒரு தங்கை இருந்தாள். அப்பா அம்மா போனபின் பத்து வயதிலிருந்து அவர் வளர்த்தவள். கட்டட வரைபடம் போடப் படித்து, சுரங்க ரயில் கட்டும் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நகரத்துக்குச் சுரங்கம், நமக்குச் சுடுகாடா என்று கேட்டுத்தான் எதிர்க்கட்சி ஓட்டுச் சேர்த்தது. ஜெயித்தால் ரயில் வேலை நிற்கும்.

ஓட்டுப் போடும் அன்று அவர் வரிசையில் நிற்கும்போது அவள் போன் செய்தாள். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டியாண்ணே? வெயில்ல நிக்காத," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போனார். வார்டை நினைத்துக்கொண்டேதான் போனார். விரல் எப்படி அந்தப் பொத்தானுக்குப் போனது என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. வெளியே காத்திருந்த மனைவி, "போட்டாச்சா?" என்றாள். "ஆச்சு," என்றார்.

டிவியில் அவர் முகம் வந்த அன்று சாயங்காலமே தங்கையின் போன் வந்தது.

"பார்த்தேண்ணே. நல்லாப் பேசின."

"பாப்பா..."

"ஊருக்கு நல்லது நடந்தா சரி. வெச்சிடறேன்."

இரண்டே மாதத்தில் எல்லாம் சொன்னபடி நடந்தது. அதுதான் அவரை அதிகம் குழப்பியது. அரசியல்வாதி சொன்னதைச் செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் மனிதன் நிம்மதியாக இருக்கிறான். வார்டின் பூட்டை உடைத்தார்கள், கட்டில் வந்தது, டாக்டரம்மா வந்தாள். அதே வாரம் சுரங்க ரயில் நின்றது. ஒரு வியாழக்கிழமை மதியம் தங்கை இரண்டு பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

மனைவி ஓடிப்போய் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள். "வாம்மா. இது உன் வீடு." சாப்பாடு போட்டபோது மனைவியே பேச்சை எடுத்தாள். "எங்க மேல கோவம் இருக்கும். இருக்கட்டும். ஆனா வயித்துல பிள்ளையோட நம்ம பொண்ணு இருக்கும்போது நாங்க வேற என்ன பண்ணியிருக்க முடியும், நீயே சொல்லு."

"தப்புன்னு நான் சொல்லலை அண்ணி. உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்," என்றாள் தங்கை. அண்ணன் பக்கம் திரும்பவில்லை. டிரைவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை வண்டிக்கு டீசல் போடக் கிளம்பியவர், "வர்றியா?" என்றார். அவள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். சின்ன வயதில் அந்த இருக்கைக்காக அடம்பிடித்து அழுதவள். ஊர் எல்லை தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"நான் உன் பக்கம்தான் போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஓட்டு. டிவியில சொன்னது பொய். உன்னை நினைச்சுப் போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

அவள் சிரிப்பாள், அல்லது அழுதுகொண்டு அவர் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று இத்தனை நாளாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார். அவள் அவரை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உன் பொண்ணை நினைக்கலையா நீ?"

"நினைச்சேன்."

"நினைச்சுக்கிட்டேவா போட்ட? இந்த வண்டியிலதானே..." பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு வேலை போனா இன்னொரு வேலை. உன்னை ரெண்டு மாசமா மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன், அதுலயாவது ஒரு நியாயம் இருந்துச்சு. இப்ப எதுக்கு உன்னைத் திட்டறதுன்னே தெரியலையே."

"எனக்கும் தெரியலை," என்றார்.

"அண்ணிகிட்ட சொல்லிடாத. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

டீசல் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பக்கமிருந்து வந்த லாரிக்காரன் டிவியில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு கையசைத்தான். டிரைவரும் கையசைத்தார். தப்பித்தவறி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவரைப் போல விரல் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். தங்கையின் வேலை இருந்திருக்கும். மகளைப் பின்னால் படுக்கவைத்து மறுபடியும் அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். தன் ஓட்டு தோற்றதற்காகச் சந்தோஷப்படுவதா, ஜெயித்த ஊரின் முன்னால் வெட்கப்படுவதா? அல்லது வெட்கப்பட வேண்டியது வேறு எதற்காவதா?

திங்கட்கிழமை மகளுக்குப் பரிசோதனை. புது வார்டில் முதல் இடம் அவளுக்குத்தான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். மகள், மனைவி, தங்கை மூன்று பேரும் ஆஸ்பத்திரி முற்றத்தைக் கடந்து வந்தார்கள். மகள் அத்தையின் கையைப் பிடித்திருந்தாள். ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

டிரைவர் முன்னால் ஓடிப்போய் வார்டுக் கதவைத் தள்ளிப் பிடித்தார். மூவரும் உள்ளே போனார்கள். கடைசியாகப் போன தங்கை ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தாள். கதவை விட்டபோதுதான் உள்ளங்கை பிசுபிசுத்தது. வெளிர்நீலப் பெயிண்ட். கதவில் ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன.

"யாருங்க அது, ஈரக் கதவுல கையை வெச்சது?" ஏணியிலிருந்து பெயிண்டர் சத்தம் போட்டான்.

டிரைவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சுற்றிலும் பார்த்தார், வேறு யாரையோ தேடுவதுபோல. பெயிண்டர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவந்து பிரஷ்ஷால் அந்த அச்சின்மேல் பூசினான். ஒரு தடவை பூசினான், இரண்டாம் தடவையும் பூசினான். வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் விரல்கள் இன்னும் தெரிந்தன.