பள்ளிக்கூடத்து லேப்டாப்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல், எழுத்துகளின் மேல் விரல்களை வைத்தபடி மோகனா காத்திருந்தாள். யாரோ ஒரு பெரியவர் போனில் பேசியது பாதியில் நின்றிருந்தது. "எங்க ஊர்ல பம்புசெட்டு" என்பதுவரை கேட்டு அடித்தாயிற்று. பம்புசெட்டுக்கு என்ன ஆயிற்று என்பது வட்டம் நின்றால்தான் தெரியும். பின்னால் பாயில் கிடந்த குழந்தை சிணுங்கியது.

முகம் தெரியாதவர்களின் பேச்சைக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி, தினம் காலையில் ஒரு கட்டு ஒலிப்பதிவுகளை அனுப்பும். அதை பேட்ச் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் முடித்தால் அன்றைக்குச் சம்பளம். அரைகுறையாக விட்டால் ஒன்றும் கிடையாது. திருப்புலிவனத்தில் சில பெண்கள் இந்த வேலை செய்தார்கள். ஆள் சேர்த்தது காஞ்சிபுரத்து ஜெகதீசன். இவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் அவர்தான்.

லேப்டாப் அவள் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. சார்ஜர் வயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஆனாலும் போன மாதம் வரைக்கும் அது இப்படி அடம் பிடித்ததில்லை.

மத்தியானம் வாட்ஸ்அப் குழுவில் ஜெகதீசனின் குரல் வந்தது. "எல்லாரும் கேட்டுக்குங்கம்மா. ஸ்லோ மெஷின வெச்சிக்கினு சில பேரு வேலைய கெடுத்துக்கினு கீறாங்க. ஒண்ணாந்தேதிலேருந்து அவங்களுக்கு பேட்ச் வராது. புது மாடல் கம்பெனியே குடுக்கும். கையில காசு குடுக்க வேணாம். சம்பளத்துல கொஞ்சங்கொஞ்சமா புடிச்சிக்குவோம்."

மோகனா அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள். எத்தனையோ ஆயிரம் குரல்களைக் கேட்டு அடித்தவள் அவள். ஒருவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்பது அவளுக்குத் தப்பாது. 'புடிச்சிக்குவோம்' என்ற இடத்தில் ஜெகதீசனின் குரல் வெல்லம் போல் ஆகியிருந்தது.

அடுத்த தெரு எழில் ஏற்கெனவே புதிதை வாங்கிவிட்டாள். மோகனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

"பாருக்கா, மூடிய தொறக்கறதுக்குள்ள ரெடியா நிக்குது" என்றாள் எழில்.

"கடையில போயி நீயே வாங்கியிருந்தா இன்னா வெல?"

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"பில்லு குடுத்தாங்களா?"

எழில் மூடியைச் சாத்தினாள். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தாங்க்கா. தீபாவளி சீட்டு புடிச்சவளயும் இப்டிதான் கேட்டுக்கினு இருந்த."

"அவ ஓடிட்டாளா இல்லியா?"

எழில் லேப்டாப்பைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

வீட்டில் அவள் கணவன் பார்த்திபன் படுத்திருந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தவனை, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "ஜெகதீசன வுடு. கீபோர்டு மாத்தறேன்னு உத்திரமேரூர்ல அந்த உபைதுல்லா பாய்கிட்ட குடுத்தியே, அப்பாலதான் இது படுத்துக்கிச்சு. உள்ள கீற நல்ல சாமான உருவிக்கினு மட்டமானத சொருவிட்டிருப்பாரு."

அந்த நினைப்பு மோகனாவுக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

பஜார் தெருவில் உபைதுல்லாவின் ரிப்பேர் கடை ஒரு ஆள் அகலம்தான். போன் வாங்க வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று மோகனா பொறுக்கவில்லை.

"பாய், நீங்க கை வெச்சப்புறந்தான் இது ஓட மாட்டேங்குது. உள்ளேர்ந்து இன்னா எடுத்தீங்க?"

நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். உபைதுல்லா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா கட வெச்சிருக்கேன் தங்கச்சி. என்ன யாரும் இப்டி கேட்டதில்ல." அதற்கு மேல் பேசாமல் லேப்டாப்பைக் கவிழ்த்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, அடிமூடியை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். உள்ளே எல்லாவற்றின் மேலும் பழைய சீல் கிழியாமல் இருந்தது. தூசிகூடப் பழைய தூசி.

"பாத்துக்கினியா? இப்ப மூடட்டுமா?"

அடிமூடியை மாட்டி ஆன் செய்ததும் லேப்டாப் சீக்கிரமாகவே திறந்தது. பழைய கோப்புகளைத் தொட்டதும் காட்டியது. மோகனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டில் செய்வது போலவே தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மின்விசிறி இரைய ஆரம்பித்தது. திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

"நெட்டு குடுத்தாதான் பாய் இப்டி ஆவுது" என்றாள்.

உபைதுல்லா எதையோ அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் திரையில் வரவழைத்தார். கம்பெனியின் பெயரில் இருந்த ஒன்றே மெஷினின் சக்தி ஏறக்குறைய முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. போன மாதம், அப்டேட் என்று ஜெகதீசன் லிங்க் அனுப்பி எல்லாரையும் போடச் சொன்னது அது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமராவுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்து அணைந்தது.

"படம் புடிக்குதும்மா" என்றார் அவர்.

"யார?"

"முன்னால யாரு குந்திக்கினு கீறாங்களோ அவங்கள."

மோகனா சட்டென்று மூடியைச் சாத்தினாள். இந்த ஒரு மாதத்தில் அதன் முன்னால் நைட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஈரத்தலையைத் துவட்டியிருக்கிறாள். ஹெட்போனோடு குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறாள். பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு உபைதுல்லா கையை ஆட்டி வேண்டாம் என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வரேன் பாய்" என்று மட்டும் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றே ஜெகதீசனுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த அப்டேட்டாலதான் மெஷின் ஸ்லோவாவுது. படம் வேற புடிக்குது. ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"ஓக்கே குடுத்துதான உள்ள போன? அதுல போட்டுகீது. படிக்காதது ஒன் தப்பு."

"அது இங்கிலீஷ்ல நூறு பக்கம் கீது சார்."

"இதோ பாரு மோகனா, செக்யூரிட்டிக்கு கம்பெனி கேக்குது. புது மாடல்ல அது ஓடறதே தெரியாது. அதுக்குதான் வாங்குன்றேன்."

"அத்த எடுத்துட்டு வேல செய்யறேன் சார். ஒரு வார்த்த தப்பா அடிச்சா கேளுங்க."

"எடுத்துடு. யாரு வேணான்னது?" என்றார் ஜெகதீசன். குரல் மறுபடியும் வெல்லமாகியிருந்தது.

அன்றைக்கே அதை எடுத்துவிட்டாள். பழைய லேப்டாப் இரைச்சல் இல்லாமல் ஓடியது. பேட்ச்தான் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எழிலிடம் விஷயத்தைச் சொன்னாள். எழில் பதறிப்போய் தன் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். கேமராவை மறைத்ததாகச் சொல்லி அன்றைய சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். மாலையில் மோகனா வீட்டு வாசலுக்கு வந்து, "ஒன் பேச்ச கேட்டு எனக்கு நானே வெச்சிக்கினேன் பாரு ஆப்பு" என்று கத்திவிட்டுப் போனாள்.

பார்த்திபன் தினமும் ஒரகடம் போய்த் தொழிற்சாலை கேட்டில் நின்றுவிட்டு வந்தான். கேஸ் தீர்ந்து விறகு வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் சொன்னான். "நீ சொல்றது எல்லாம் கரீட்டுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினு கரீட்டா இருந்து இன்னா பண்றது?"

மோகனா ஜெகதீசனுக்குச் சரி என்று செய்தி அனுப்பினாள்.

புது லேப்டாப் வந்தது. கூடவே விதிமுறையும் வந்தது. வேலை நேரத்தில் படத்தில் வேறு ஆள் தெரிந்தால் பேட்ச் ரத்து. வீடு ஒரே அறை. எந்தச் சுவரோரம் உட்கார்ந்தாலும் முக்கால் வீடு கேமராவில் விழுந்தது. மோகனா காலையிலேயே புடவை கட்டி, தலை வாரி, முந்தானையை ஊக்கால் குத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

மூன்றாவது பதிவில் ஒரு பெண் யாரிடமோ தவணைக்கு அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அடித்துக்கொண்டிருக்கும்போது, தவழ்ந்து வந்த குழந்தை அவள் புடவையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தது. பார்த்திபன் வயிற்றைத் தரையோடு வைத்து, கேமராவுக்குத் தெரியாத உயரத்தில் முழங்கையால் ஊர்ந்து வந்தான். குழந்தையின் காலைப் பிடித்து மெல்ல இழுத்தான். அது முந்தானையை விடாமல் வீறிட்டது. மோகனா கீழே குனியவில்லை. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் நேராகப் பார்த்தபடி, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினாள்.