அமிர்தநாதனின் அடக்க வீடியோ

1.

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன். தங்கை சாருலதாவின் கல்யாண வீடியோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். மாதுங்கா வீட்டில் போட்டுப் பார்த்தால் நாதஸ்வரம், சித்தப்பாவின் இருமல் உட்படச் சத்தமெல்லாம் எங்களுடையது. படத்தில் மட்டும் யாரோ யாருக்கோ தாலி கட்டுகிறார்கள். தாராவியில் அதைப் புதுப்பித்த ஸ்டெர்லினின் ஸ்டூடியோவுக்குக் கோபமாகக் கிளம்பினேன்.

(முதலில் "மழை பெய்துகொண்டிருந்தது" என்று தொடங்கி அடித்துவிட்டேன். மும்பையில் எழுதுகிறவர்களுக்கு மழை ரொம்ப மலிவு.)

2.

ஸ்டெர்லின் செய்தது இது. பழைய வீடியோக்களின் படத்தை மட்டும் நிறம் கூட்டி இன்னொரு ஃபோல்டரில் வைத்தான். பிறகு கம்ப்யூட்டர் தானாகவே செய்யும்படி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினான்: பழைய ஃபைலிலிருந்து படத்தை எடுத்துவிடு, சத்தத்தைத் தொடாதே, புதுப்படத்தைச் சேர், பழைய ஃபைலை அழி. முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று அது வரிசையாக ஜோடி சேர்க்கும். ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

கல்யாணங்களுக்கு நடுவே ஓர் அடக்க வீடியோ இருந்தது. தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அதையும் எடுப்பார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக.

"சாவு வீட்டுப் படத்துக்குப் போய் கலர் ஏத்துறதான்னு அத மட்டும் விட்டுட்டேன் மேடம்," என்றான்.

மரியாதைக்காகத்தான் ஒதுக்கினான். அதனால் புதுப்படங்களில் ஒன்று குறைந்து, அங்கிருந்து எல்லாம் ஓரிடம் தள்ளிப் போனது: அடக்கத்தின் சத்தத்துக்கு அடுத்த கல்யாணத்தின் படம், அந்தக் கல்யாணத்தின் சத்தத்துக்கு அதற்கடுத்ததன் படம். கல்யாணங்களைத் திரும்ப ஜோடி சேர்த்துவிடலாம். அடக்கத்துக்குப் புதுப்படமே இல்லை, பழையதை ஸ்க்ரிப்ட் அழித்துவிட்டது.

"அழிஞ்சத மீட்குற ரிகவரியும் போட்டுப் பாத்துட்டேன். குச் நஹி மிலா, ஒண்ணுமே கெடைக்கல."

3.

[இறந்துபோன அமிர்தநாதனின் மனைவி ஜெயசீலியை இங்கே அழுதபடி உட்கார வைத்திருந்தேன். அவர் அழவில்லை. நான்தான் அழ வைத்தேன். திருத்துகிறேன்.]

ஜெயசீலி ஸ்டூடியோவில், பேங்கில் டோக்கன் வாங்கியவர் போல, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"எம்மவ சுஜா மஸ்கட்ல நர்சா இருக்கா. லாக்டவுன்ல அவ அப்பா போயிட்டாவ, அவளால வர முடியல. வீட்ல வச்சா பாத்துக்கிட்டே இருப்பேன்னு இவங்கிட்டயே வீடியோவ விட்டு வச்சேன். அவளும் இத்தன வருசம் வேண்டாம்னுட்டா. இப்பத்தான், யம்மா அனுப்பு, அப்பா மொகத்தப் பாக்கணும்ங்கா."

ஸ்டெர்லின் அந்த அடக்க ஃபைலை ஓடவிட்டான். திரையில் சாருலதாவின் கல்யாணம். நான் அட்சதை போட்டுவிட்டுச் சிரிக்கிறேன். ஸ்பீக்கரில் ஜெபம், நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ விம்முவது. பிறகு ஜெயசீலியின் குரல்:

"தம்பி, கிட்ட வந்து மொகத்த எடு. சுஜா பாக்கணும்."

அதே நேரம் திரையில் என் தங்கையின் முகம் பெரிதாக வந்தது. மூக்குத்தி, வியர்வை, வெட்கம். சண்டையை விட்டுவிட்டு, ஜெயசீலியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

4.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) உறவுக்காரர் ஒருவரின் போனில் ஒரு பிரதி கிடைக்கிறது. அரைப் பக்கத்திலேயே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கிழித்துவிட்டேன்.

ஆ) சுஜா சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "போதும்மா" என்கிறாள். பத்திரிகைக்கு அனுப்பத் தோதான முடிவு. ஆனால் போதுமா என்று அவளைக் கேட்காமல் நான் எப்படி...

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க என்ன வேல பாக்குதிய?" என்று ஜெயசீலி கேட்டார். கதை எழுதுவேன் என்றேன்.

"அப்ப அந்த மொகத்த எழுதித் தாங்க. சத்தத்தோட சேத்து அனுப்பிருதேன்."

"நான் அவரப் பாத்ததில்லையே."

"நான் சொல்லுதேன், எழுதுங்க. மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க. கண்ணு..." நிறுத்திவிட்டார். "கண்ணு மூடியிருந்துச்சா, லேசா தொறந்திருந்துச்சா? கூட்டம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கேமரா பாத்துக்கிடும்னு இருந்துட்டேன். நான் சரியாப் பாக்கலம்மா."

ஸ்டெர்லினைத் திரும்பிப் பார்த்தோம். எடுத்தவன் அவன்தான்.

"நான் ஃபோகஸ்தான் பாத்தேன் பெரியம்மா," என்றான்.

5.

சுஜாவுக்கு அனுப்ப வேண்டிய படம்:

[                                        ]

பல தடவை நிரப்பிப் பார்த்தேன். நெற்றியில் ஒரு தழும்பு வைத்தேன், உதட்டோரம் அமைதி வைத்தேன். எதை வைத்தாலும் அது வேறொரு வீட்டுக் கல்யாணமாகத்தான் இருக்கிறது. அடைப்புக்குறியைக் காலியாகவே விட்டு, கதையை உங்களிடம் தருகிறேன். நீங்களும் அவரைப் பார்த்ததில்லை என்று தெரியும்.

வீடியோ அழிந்தது சுஜாவுக்கு இன்னும் தெரியாது; இன்று காலை அவளிடமிருந்து வந்த செய்தியை ஜெயசீலி எனக்கு அனுப்பியிருக்கிறார். என்ன பதில் போட என்று கேட்கிறார்.

"யம்மா, இன்னிக்கு லீவு போட்டுட்டேன். அனுப்பு."