பத்து தின்னாச்சா?

பட்டறையில் அவருக்குப் பெயர் ஆறு மீட்டர். கலவை மெஷினுக்கு மணல் வாரிப் போடுகிற வேலை. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆனால் எங்கிருந்தாவது யாராவது "ஆறு மீட்டரண்ணே" என்றால் மட்டும் எப்படியோ விழுந்துவிடும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்புவார். அந்தத் திரும்பலில் ஒரு ராஜகளை இருக்கும். புருவம் வரைக்கும் சிமெண்ட் படிந்த ராஜா.

பெயருக்குக் காரணம் சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் இருந்தது. கான்கிரீட் கல்லும் குழாயும் வார்க்கிற பட்டறை அது. வருஷத்தில் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். ஓட்டப்பந்தயத்தில் சாதனை அடிக்கடி உடையும். விசில் ஊதியதும் கடிகாரத்தை அமுக்க வேண்டிய ஆள் ஒரு தும்மல் தும்மினால் போதும். நீளம் தாண்டுதலில் மட்டும் பதினோரு வருஷமாக ஒரே எண். நீலப் பெயிண்டில் 6.04.

தாண்டிய அன்றே அவர் இன்னொரு வேலையும் செய்து வைத்தார். குதிகால் பதிந்த இடத்துக்கு நேராக, மணல் குழியின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை நட்டுக் கலவை ஊற்றி இறுக்கிவிட்டார். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் அந்தக் கம்பிக்குச் சிவப்பு பெயிண்ட் அடிப்பார். அவருடைய வீட்டுச் சுவர் பெயிண்டைப் பார்த்து எத்தனையோ காலம்.

"உலகப் போட்டியில எட்டு மீட்டருக்கு மேல தாண்டறாங்களாமே அண்ணே?" என்று யாராவது வாயைக் கிளறுவார்கள்.

"தாண்டுவான். முட்டையும் பாலும் குடிச்சிட்டு மெத்தையில படுத்து எந்திரிச்சு வந்து தாண்டுவான். நான் காலையில ரெண்டு லோடு சிமெண்ட் இறக்கிட்டு வந்து தாண்டினேன். அவனையும் ரெண்டு லோடு இறக்கச் சொல்லு, அப்புறம் பேசுவோம்."

வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. "ஆறு மீட்டர் தாண்டினவருக்கு வாசல்ல கிடக்கிற துடைப்பத்தைத் தாண்ட முடியலையாம், எடுத்து ஓரமா வைன்னு கத்தறாரு" என்பாள் மனைவி. அவளுக்கு அதைவிடப் பெரிய குறை, பின்கட்டுக் கதவு. சாதனை செய்த அதே வாரத்தில் போட்ட கதவு. கொத்தனார் நிலையை அளந்து சொன்னார், ஆசாரி கதவு செய்துகொண்டு வந்தார், மாட்டிப் பார்த்தால் கதவு நிலையைவிட உயரம். ஆசாரி அடிச்சட்டத்தையே அறுத்துத் தள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்தக் கதவு மோவாய் இல்லாத மூஞ்சி மாதிரி நிற்கிறது. சட்டம் போன பலகைகள் அடியில் பிரிந்து இடுக்கு விட, சாக்கைத் திணித்துத்தான் காற்றை நிறுத்த வேண்டும்.

"கொத்தனார் சொன்ன அளவுதாங்க செஞ்சேன்" என்றார் ஆசாரி.

"கொத்தனார் அளவு தப்பாது" என்றார் ஆறு மீட்டர். வேறு என்ன சொல்வார்? அவருடைய தாண்டலை அளந்து 6.04 என்று கூவியவரே அந்தக் கொத்தனார்தான். அதோடு ஆசாரிக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை, ஒரே தண்ணீர்ப் பானை. ஒருவர் குடித்துவிட்டு டம்ளரை வைத்த பிறகுதான் இன்னொருவர் எழுந்து வருவார்.

இப்படி இருக்கையில்தான் மனைவியின் தம்பி பட்டறைக்கு லாரி ஓட்ட வந்து சேர்ந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மடக்கி வைத்த ஏணி மாதிரி உட்கார்ந்திருப்பான். இறங்கி நின்றால்தான் கால் எவ்வளவு நீளம் என்று தெரியும். வந்த முதல் வாரமே சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இது நீங்க தாண்டினதா, இல்ல தள்ளிவிட்டாங்களா?"

"இந்த வருஷம் நீயும் தாண்டிப் பாரு மாப்ள. மணல் மெத்துன்னு இருக்கும், அழுதா துடைச்சுக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பையன் நிஜமாகவே பழக ஆரம்பித்துவிட்டான். லோடு ஏறுகிற நேரத்தில் லாரி நிழலில் கிடக்காமல் மணல் குழிப் பக்கம் ஓடினான். அக்கா கேட்டதற்கு அவன் சொன்ன பதில் அவர் காதுக்கும் வந்தது.

"வந்த நாள்லேருந்து என்னை எல்லாரும் ஆறு மீட்டர் மச்சான்னு கூப்பிடறானுங்கக்கா. எனக்குன்னு ஒரு பேரு கிடையாதா? ஆறைத் தாண்டினாத்தான் மனுஷனா மதிப்பானுங்க."

அதாவது அந்தப் பெயருக்கே வேட்டு. ஆறு மீட்டருக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானும் ஒருமுறை ஓடித் தாண்டிப் பார்த்தார். கால் மணலுக்குப் போய்ச் சேர்ந்தது. வயிறு கொஞ்சம் பின்தங்கி வந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவரைப் பார்த்து, "மூட்டை சரிஞ்சு விழுந்துதா?" என்று கேட்டாள் மனைவி. "ஆமா" என்றார். ஒரு வகையில் அது உண்மைதான்.

தாண்டி ஜெயிக்க வழியில்லை என்றானதும் அவருடைய சந்தேகம் டேப்பின் மேல் பாய்ந்தது.

கொத்தனாரிடம் இருந்தது ஒரு நீளத் துணி டேப். சாதனை நடந்த வருஷம்தான் ஒரு லாரி ஏறி அதன் முனை வளையமும் முதல் சில சென்டிமீட்டரும் கிழிந்துபோயின. கொத்தனார் அதைத் தூக்கிப் போடவில்லை. பத்தாம் கோட்டையே ஆரம்பமாகப் பிடித்து அளந்து, கடைசியில் வருகிற எண்ணில் பத்தைக் கழித்துச் சொல்வார். முதலில் ஓரிரு இடத்தில் கழிக்க மறந்து, ஒரு ஜன்னல் சுவருக்குள் நுழைய மறுத்து, வசவு வாங்கிய பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. கொத்தனார் எதை அளந்து சொன்னாலும் கேட்கிறவன் திருப்பிக் கேட்க வேண்டும்: "பத்து தின்னாச்சா?" அவர் "தின்னாச்சு" என்றால்தான் கல்லையோ கம்பியையோ வெட்டலாம்.

இப்போது கொத்தனாரும் மச்சானும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவன் கொத்தனாருக்குப் பீடி வாங்கித் தருகிறான். நாளைக்கே கொத்தனார் பத்தைத் தின்ன மறந்த மாதிரி நடித்துவிட்டால்?

ஆறு மீட்டர் நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், கிழிஞ்ச டேப்பு வேணாம். ஆபீஸ்ல புது எஃகு டேப்பு இருக்கில்ல, அதுலதான் அளக்கணும். நியாயம்னா நியாயமா இருக்கணும்."

"கொத்தனார் கோவிச்சுக்குவாரேப்பா."

"சாதனைங்கறது விளையாட்டா சார்?"

சூப்பர்வைசருக்கு இது விளையாட்டுப் போட்டி என்றுதான் அதுவரை எண்ணம். இருந்தாலும் சரி என்றார்.

போட்டியன்று எல்லாருடைய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஆறு மீட்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். தொடைவலி என்று சொல்லித் தாண்டுவதிலிருந்து ஒதுங்கிக்கொண்டு, கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பியும் அவரும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தார்கள்.

மூன்று பேர் தாண்டினார்கள். கம்பிக்கு வெகுதூரம் முன்னாலேயே விழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மச்சான் வந்தான். ஓடினான். எம்புகிற இடத்துக் கட்டையை மிதித்தான். அந்த ஏணி ஒரு நிமிஷம் அந்தரத்தில் விரிந்து நின்ற மாதிரி இருந்தது. பொத்தென்று விழுந்தான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. குதிகால் தடம் சிவப்புக் கம்பியை இரண்டு விரல் தாண்டியிருந்தது.

"போச்சு!" என்றார் யாரோ. "ஆறு மீட்டர் போச்சு!"

சூப்பர்வைசர் புது டேப்பைப் பிடித்தார். மறுமுனையைக் கட்டையில் அழுத்திப் பிடித்தவர், அவர்கள் எவரையும் நம்பாமல் தானே போய் உட்கார்ந்த ஆறு மீட்டர்தான்.

"அஞ்சு... தொண்ணூத்தேழு."

ஆறு மீட்டருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா? அஞ்சு தொண்ணூத்தேழு! ஏழு சென்டிமீட்டர் கம்மி! இதுக்குத்தான் புது டேப்பு கேட்டேன்."

"மாமா, கம்பியைத் தாண்டியிருக்கேனே. கண்ணு தெரியுதா?"

"கம்பி கிடக்கட்டும். எண்ணு என்ன சொல்லுது?"

"அப்ப கம்பி பொய்யா?"

"போன மாசம் நீ லாரியைப் பின்னாடி எடுத்தப்ப இடிச்சிருப்ப. நகர்ந்திருக்கும்."

"நட்டு வச்சுக் கான்கிரீட் போட்ட கம்பி எப்படி மாமா நகரும்? அதுவும் நீளம் தாண்டிச்சா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கட்டைதான் நகர்ந்தது என்றார் ஒருவர். வெயிலில் பூமி சுருங்கியிருக்கும் என்றார் வாட்ச்மேன். அதுவரை ஒரு ஓரமாகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கொத்தனார், இதுதான் சமயமென்று தன் துணி டேப்பை உருவிக்கொண்டு எழுந்தார்.

"புது டேப்பாம் புது டேப்பு. நகருங்கடா. கம்பி நகர்ந்திச்சா இல்லையான்னு நான் சொல்றேன்."

பழக்கதோஷம், பத்தாம் கோட்டைக் கட்டையில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கம்பிவரை இழுத்துப் பார்த்தார். "ஆறு நாலு! அச்சு அசலா ஆறு நாலு. கம்பி ஒரு நூல்கூட நகரலை."

"அடி சக்கை!" என்று துள்ளினார் ஆறு மீட்டர். "சாதனை கெட்டி!"

அப்போதுதான், கூட்டத்தின் பின்னாலிருந்து, எந்த நினைப்பும் இல்லாமல், வாய்ப் பழக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

"பத்து தின்னாச்சா?"

கொத்தனார் வாயைத் திறந்தார். மூடினார். டேப்பைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். "இன்னும் இல்ல" என்றார்.

"தின்னா?"

"அஞ்சு தொண்ணூத்தி நாலு."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கூட்டம் ஆரவாரம் போட்ட நேரத்தில் கொத்தனார் எண்ணைக் கூவினார். அந்தக் கேள்வியைக் கேட்கிற வழக்கம் அன்றைக்கு இன்னும் பிறக்கவில்லை.

"அது எப்படி?" என்றார் ஆறு மீட்டர். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்குக் கழிச்சுத்தான் சொல்லியிருப்பார். கொத்தனார் அளவு தப்பாது."

"ஏங்க" என்றாள் மனைவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "நம்ம வீட்டுக் கதவு."

"கதவுக்கென்ன இப்ப?"

"அதே வாரம். இதே டேப்பு. எவ்வளவுங்க அறுத்தாங்க கதவுல?"

பதில் ஆசாரியிடமிருந்து வந்தது. இத்தனை வருஷமும் அவரிடம் பேசாத வாய்.

"சரியா பத்து" என்றார் ஆசாரி. "அறுத்த சட்டம் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கொத்தனார் டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். ஆறு மீட்டர் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய டேப்பில் பத்தைத் தின்னாமல் அளந்தால் அவர் 6.04, மச்சான் 6.07, தோல்வி. புது டேப்பில் அவர் 5.94, மச்சான் 5.97, அதுவும் தோல்வி. தன்னைப் பழைய டேப்பிலும் மச்சானைப் புது டேப்பிலும் அளந்தால் மட்டுமே அவருக்கு ஜெயம். அப்படி அளக்கச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

சூப்பர்வைசர் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார். "எதையாவது சொல்லித் தொலைங்கப்பா. பெயிண்ட் காயுது. எந்த டேப்பு?"

மச்சான் மாமாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

"மாமா, புது டேப்புன்னா நான் அஞ்சு தொண்ணூத்தேழு. அதை எவன் மாமா கூப்பிடுவான்? பழைய டேப்பே இருந்துட்டுப் போகட்டும். நான் ஆறு ஏழு, நீங்க ஆறு நாலு. ரெண்டு பேரும் ஆறு மீட்டர். குடும்பத்துக்கே மரியாதை."

யோசித்துப் பார்த்தால் தங்கமான யோசனை. சாதனை போனாலும் பெயர் நிற்கும். மெஷின் சத்தத்தில் காதில் விழுகிற அந்த ஒரே பெயர் நிற்கும். ஆனால் 'ஆறு மீட்டர்' என்று யாராவது கூப்பிட்டால் இனிமேல் இரண்டு தலை திரும்பும். அதில் ஒரு தலை உயரமாக, இளசாக, மூன்று சென்டிமீட்டர் அதிகமாக இருக்கும்.

அவர் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"புது டேப்புதான். நியாயம்னா நியாயமா இருக்கணும். நான் ஆறு தாண்டலை. யாரும் தாண்டலை."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. வாட்ச்மேனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷன்னா இவன் மனுஷன்!" என்றார். சூப்பர்வைசர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "நியாயமா? உங்களுக்குக் கிடைக்காதது எந்தம்பிக்கும் கிடைக்கக் கூடாது. அதானே?"

"சும்மா இருடி. கைதட்டறாங்கல்ல."

சுவரில் 5.97 ஏறியது. மறுநாள் காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும், மணல் போதவில்லை என்று யாரோ அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "அஞ்சு தொண்ணூத்தி நாலு அண்ணே" என்று ஒருமுறை கத்திப் பார்த்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் கலவை இறுகிவிடும் போலிருந்தது. மத்தியானத்துக்குள் பெயர் சுருங்கிவிட்டது.

"பத்தண்ணே! ஏ பத்தண்ணே!"

எப்படியோ அதுவும் காதில் விழுந்தது. மண்வெட்டியை ஊன்றி, மெதுவாகத்தான் திரும்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் போனார். ஆசாரி குடித்துக்கொண்டிருந்தார். இவர் விலகிப் போகாமல் நின்றார். ஆசாரி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி இவர் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்தச் சட்டத்தைக் கதவுக்கு உள்பக்கமா அடிச்சுப் பலகையை இறுக்க முடியுமான்னு பார்ப்போம்" என்றார் ஆசாரி. "சாப்பிட்டாச்சா?"

"அதான் தின்னேனே, பத்து" என்றார் அவர். "பதினோரு வருஷமா ஜீரணம் ஆகலை."