திட்டு வாங்க வந்தவர்கள்

அலெக்சாந்திரியாவின் பஹ்ரி பகுதியில், மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஷவ்கி ஈரல் கடை வைத்திருந்தார். பூண்டும் பச்சை மிளகாயும் சீரகமும் போட்டு வதக்கி, சுடச்சுட ரொட்டிக்குள் அடைத்துக் கொடுப்பார். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரைச் சாலையில் புதுக் கடைகள் வந்த பிறகு இந்தச் சந்துக்குள் நுழைபவர்கள் குறைந்துபோனார்கள். துறைமுகத்து ஆட்களும் பழைய பழக்கத்துக்காரர்களும்தான் மிச்சம்.

அவர்களில் ஒருவர் மித்வல்லி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு நேராக இங்கே வருவார். ஷவ்கிக்கு வாய் கொஞ்சம் நீளம். வருகிறவர் எல்லோரையும் திட்டுவார், மித்வல்லியைக் கூடுதலாகத் திட்டுவார். இருவரும் இளவயதிலிருந்தே சிநேகிதர்கள்.

ஷவ்கியின் மகள் நிஹால் விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்தவள். ஆள்குறைப்பில் வேலை போனதும், கடையைத் தூக்கி நிறுத்துவது என்று இறங்கினாள்.

"அப்பா, மேப்ல நம்ம கடை எங்க இருக்கு தெரியுமா? கடலுக்குள்ள இருக்கு."

"இருக்கட்டும். மீனுங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அவள் அதைச் சரிசெய்தாள். திறக்கும் நேரம், விலை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஏற்றினாள். டியூப்லைட்டில் எடுத்திருந்த படங்களை நீக்கிவிட்டு, வாசலில் வெயில் விழும்போது புதிதாக எடுத்தாள். கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் உடனே பதில் போட்டாள். சாப்பிட்டு முடித்தவர்களிடம் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகச் சொன்னாள். பலன் இருந்தது, ஆனால் கடை நிமிரும் அளவுக்கு இல்லை.

ஒருநாள் அவள் வாணலியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞன் ஈரலுக்கு மயோனைஸ் கேட்டான்.

"மயோனைஸா?" என்றார் ஷவ்கி. "அந்த மாடு உசுரை விட்டது நீ அதுக்கு மேக்கப் போடுறதுக்கா? ஓடிப்போயிடு."

அதுவும் பதிவாகிவிட்டது. நிஹால் சிரித்துக்கொண்டே கடையின் இணையப் பக்கத்தில் போட்டாள். நாடு முழுக்க அதைப் பார்த்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையே கெய்ரோவிலிருந்து கார்கள் வந்து சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. வந்தவர்கள் வேண்டுமென்றே மயோனைஸ் கேட்டார்கள்.

"ஈரல் எல்லாரும்தான் விக்கிறாங்கப்பா. உங்க திட்டு வேற எங்க கிடைக்கும்?" என்றாள் நிஹால். "ஒரு கடைக்கு ஒரு முகம் வேணும். நம்ம கடைக்கு நீங்கதான்."

தினம் ஒரு வீடியோ என்று ஆயிற்று. பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து, புதிதாக மூன்று பேரை வேலைக்கு வைத்தார்கள். ஷவ்கிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் உதடு அசைவதைப் பார்த்து மனைவி ஸனிய்யா கேட்டாள்: "என்ன முணுமுணுக்கிறீங்க?"

"நாளைக்குத் திட்ட வேண்டியது."

உட்கார இடமில்லாமல் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

குளிர்காலத்தில், கடல் பொங்கி மழை அடித்த ஒரு மத்தியானம், மித்வல்லி வெகுநாள் கழித்து வந்தார். மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. எள்ளு விழுதுக் கிண்ணத்தை எடுக்கும்போது அவர் கை நடுங்கி, மேசையெல்லாம் கொட்டிவிட்டது. சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. ஷவ்கி கரண்டியோடு திரும்பினார்.

"கையா அது, காத்துல ஆடுற கொடியா? இந்தக் கையை வச்சுக்கிட்டா பஸ் ஓட்டுற? பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்களா, ராட்டினம் சுத்துதுங்களா?"

கடையே சிரித்தது. மித்வல்லியும் சிரித்தார். காகிதத்தை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மித்வல்லி மாமா திட்டு வாங்குவது நிஹாலுக்குப் புதிதில்லை. எப்போதும்போல வீடியோவைப் போட்டாள்.

அதைப் பார்த்தவர்களில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தாய்மார்களும் இருந்தார்கள். ஒருத்தி அந்தக் கையை மட்டும் பெரிதாக்கி, பெற்றோர் குழுவில் போட்டாள். பள்ளிக்கூடம் மித்வல்லியை மருத்துவரிடம் அனுப்பியது. மருத்துவர் அந்த நடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார். பஸ் சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். நடுக்கம் இருப்பது மித்வல்லிக்கு ஏற்கெனவே தெரியும். குளிர் என்று மனைவியிடம் சொல்லி, ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தார்.

செய்தி கடைக்கு வந்ததும் நிஹால் வீடியோவை நீக்கினாள். அதற்குள் யார் யாரோ எடுத்து, பாட்டு சேர்த்துப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினாள். சிலர்தான் நீக்கினார்கள்.

"ஒருவேளை அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னப்பா செய்யறது?" என்று கேட்டாள்.

"சரிதாம்மா. ஓட்டக் கூடாதுதான். அதை நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, ஷவ்கி கர்மூஸ் பகுதியில் இருந்த மித்வல்லியின் வீட்டுக்குப் போனார். மித்வல்லியின் மனைவி கதவைத் திறந்து உள்ளே விட்டாள். இரண்டு கிளாஸ் தேநீர் வந்தது. கணவருக்குப் பாதி கிளாஸ்தான் ஊற்றியிருந்தாள்.

"மன்னிச்சுடுடா" என்றார் ஷவ்கி.

"திட்டினதுக்கா? நீ திட்டாத நாள் எது?" என்றார் மித்வல்லி. "அது எனக்கு வலிக்கல. ஆனா அன்னிக்கு நீ என்னைப் பார்த்துத் திட்டலடா. போனைப் பார்த்துத் திட்டினே."

அதற்குப் பிறகு இருவரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். ஷவ்கி எழுந்தபோது மித்வல்லி வாசல்வரை வரவில்லை.

அன்றிலிருந்து ஷவ்கி யாரையும் திட்டவில்லை. கேட்டதைக் கொடுத்தார். மயோனைஸ் கேட்டவர்களிடம் இல்லை என்று மட்டும் சொன்னார். இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதினார்: 'பெரியவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். இவ்வளவு தூரம் வந்தது வீண். ஒரு நட்சத்திரம்.' அதைப் போலவே இன்னும் பல வந்தன. கார்கள் குறைந்தன. வராமல்போன துறைமுகத்து ஆட்கள் வேறு கடைக்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

நிஹால் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மூணு பேரை நம்பி வேலைக்கு வச்சிருக்கோம். யாரை நிறுத்தறதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா."

அவர் உள்ளே பார்த்தார். ஒருவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

"வியாழனும் வெள்ளியும் மட்டும் திட்டறேன்" என்றார் ஷவ்கி.

நிஹால் அதை இணையப் பக்கத்தில் அறிவித்தாள். யாருடைய உடம்பையும் பற்றிப் பேச்சு வராது, திட்டு வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தெளிவாக எழுதினாள். கூட்டம் மறுபடி சேர்ந்தது. ஆனாலும் கடையின் பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வருவது இப்போதும் அந்தக் கைதான். அதைக் கீழே தள்ள அவள் எத்தனையோ வீடியோ போட்டுப் பார்த்தாள். முடியவில்லை.

மித்வல்லி வீட்டைக் காலி செய்து, தமன்ஹூர் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ரொட்டி கொண்டுவருபவர் சொன்னார். போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. ஷவ்கி சரி என்று தலையாட்டி, ரொட்டியை எண்ணாமலே வாங்கி வைத்தார்.

அன்று வியாழக்கிழமை. ஒரு புதுமணத் தம்பதி கல்லாவின் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

"பெரியவரே, எங்களுக்கும் ரெண்டு திட்டு" என்றாள் அந்தப் பெண்.

ஷவ்கி இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். நல்ல பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். அவர்களிடம் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் செருப்பைப் பற்றி ஏதோ சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, நன்றி சொல்லி, ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள்.